மாடி வீட்டுச் சத்தம்

2009 ஜனவரி. அமெரிக்காவில் எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கியிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் ஒரு சின்ன ஊர். பெயர் இங்கே வேண்டாம். மரத்தால் கட்டிய பழைய வீடு ஒன்றின் கீழ்ப்பகுதியில் நாங்கள் குடியிருந்தோம். மேலே யாராவது நடந்தால் எங்கள் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் அதிரும்.

மாடியில் ஒரு கறுப்பினப் பெண்ணும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். அவ்வப்போது ஓர் ஆண் வந்து தங்குவார். அந்தப் பெண்ணுக்கு முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளர் வேலை. ஊதா நிற யூனிஃபார்மில் காலை ஆறரைக்கெல்லாம் காரில் பனியைச் சுரண்டிக்கொண்டு நிற்பார். சின்னவளுக்கு நான்கு வயது இருக்கும். அவளுடைய பின்னல் நுனிகளில் பிளாஸ்டிக் மணிகள் கோத்திருப்பார்கள். அவள் ஓடினால் எங்கள் தலைக்கு மேலே கிளிக் கிளிக் என்று ஒரு சத்தமும் கூடவே ஓடும்.

ஒருநாள் இரவு மேலே நாற்காலி விழுந்தது. அப்புறம் சுவரில் கனமாக ஏதோ மோதியது. அப்புறம் அந்தப் பெண்ணின் குரல், ஒரே ஒரு தடவை. என் கணவர் வெளியூரில் இருந்தார். நான் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தேன். பத்து நிமிடத்துக்குள் இரண்டு போலீஸ் கார்கள் வந்தன. ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். அந்தப் பெண் தலையில் சாட்டின் துணியைக் கட்டியபடி, கோட் இல்லாமல், வீட்டுச் செருப்போடு பனியில் நின்றிருந்தார். அந்த ஆளைக் கையை முறுக்கிக் காரில் ஏற்றினார்கள். கார் கிளம்பும்போது அந்தப் பெண் என் ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பார்வையை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் மாதத்துக்குள் மாடி காலியாகிவிட்டது. குழாய் ரிப்பேருக்கு வந்த வீட்டுக்காரர், போலீஸ் கார் வந்து நிற்கும் குடித்தனம் தனக்கு ஒத்துவராது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். மாடிப்படியைக் கூட்டும்போது மூலையில் இரண்டு மணிகள் கிடந்தன, ஒன்று வெள்ளை, ஒன்று ஊதா.

அதே வருடக் கடைசியில், விசா காரணமாக வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் அடைந்து கிடந்த நான், பெண்கள் காப்பகம் ஒன்றில் சனிக்கிழமைத் தொண்டராகச் சேர்ந்தேன். அங்கே இரவுத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்ட மூத்த கறுப்பினப் பெண்மணி ஒருவர். எல்லோரும் பெயருக்கு முன்னால் ‘மிஸ்’ சேர்த்துத்தான் அவரைக் கூப்பிடுவார்கள். நானும் வாயால் அப்படித்தான், மனதுக்குள் அக்கா. அவரிடம் ஒருநாள் மாடி வீட்டுக் கதையைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. அவர் நன்கொடையாக வந்த துண்டுகளை மடித்துக்கொண்டே கேட்டார்: “அவளிடம் கேட்டாயா, ஹனி?”

“என்ன கேட்க வேண்டும்?”

“யாரைக் கூப்பிடலாம் என்று.”

அவ்வளவுதான். திட்டவில்லை, விளக்கவும் இல்லை. அடுத்த துண்டை எடுத்தார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் படிக்க ஆரம்பித்தது வருடக்கணக்கில் நீண்டது. இந்தப் பதிவு அதிலிருந்து வருகிறது.

பக்கத்து நகரமான மில்வாக்கியே ஒரு பாடப்புத்தகம் போல இருந்தது. அங்கே 2008, 2009 ஆகிய இரண்டு வருடங்களின் ‘தொல்லை வீடு’ நோட்டீஸ்களை மேத்யூ டெஸ்மண்ட் என்ற சமூகவியலாளரும் அவருடைய சக ஆய்வாளரும் எடுத்துப் பார்த்தார்கள். ஒரே முகவரியிலிருந்து 30 நாட்களுக்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ போலீஸுக்கு அழைப்பு போனால், அது தொல்லை தரும் வீடு. வீட்டுச் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் போகும், சரிசெய்யாவிட்டால் அபராதம். போதைப் பொருள், கூச்சல் ரகளை இவற்றுக்காகக் கொண்டுவந்த சட்டம். ஆனால் நோட்டீஸ்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குடும்ப வன்முறையால் வந்தவை. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்கே அதிகம் போயிருந்தன. வீட்டுக்காரர்கள் தொல்லையை எப்படிச் சரிசெய்தார்கள்? பெரும்பாலும் அடிவாங்கிய பெண்ணை வெளியே அனுப்பித்தான். 2011-ல் அந்த நகரம் குடும்ப வன்முறை அழைப்புகளைத் தொல்லைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. நான் போனைத் தூக்கியது 2009-ல், அதுவும் வேறு ஊரில். எங்கள் வீட்டுக்காரருக்கு எந்த நோட்டீஸும் வந்ததாகத் தெரியவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

பென்சில்வேனியாவில் நாரிஸ்டவுன் என்ற ஊரில் லகீஷா பிரிக்ஸ் என்ற கறுப்பினத் தாய்க்கு 2012-ல் நடந்ததைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. அந்த ஊர்ச் சட்டம் ‘மூன்று தடவை’ கணக்கு. போலீஸை அழைத்தால் வீடு போகும் என்று அவருக்கு ஏற்கெனவே எச்சரிக்கை வந்திருந்தது. பழைய காதலன் உடைந்த ஆஷ்ட்ரேயால் அவர் கழுத்தில் குத்தியபோது, ரத்தம் கொட்டக் கொட்ட, 911-ஐ அழைக்க வேண்டாம் என்று அவர் கெஞ்சினார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமல் அழைத்தார். ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை. உயிர் பிழைத்து வந்தவரைக் காலி செய்யச் சொல்லி ஊர் நிர்வாகம் வீட்டுக்காரரை நெருக்கியது. லகீஷா வழக்குப் போட்டார். 2014-ல் 4,95,000 டாலர் கொடுத்து ஊர் நிர்வாகம் சமரசம் செய்துகொண்டது, சட்டமும் போனது.

இந்த வழக்கில் பக்கத்து வீட்டுக்காரர் செய்தது சரிதான். கழுத்தில் ரத்தம் என்றால் நானும் அழைப்பேன், நீங்களும் அழைக்க வேண்டும். ஆனால் சாகக் கிடக்கும் ஒரு பெண் முதலில் போட்ட கணக்கு வீட்டு வாடகைக் கணக்கு என்பது என்னை விட்டுப் போகவே இல்லை.

இந்தப் பெண்கள் ஏன் வெளியே சொல்வதில்லை என்ற கேள்விக்குப் பலரும் ‘அது அவர்கள் கலாசாரம்’ என்று ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். காப்பகத்துக்குப் பயிற்சி கொடுக்க வந்த ஒருவரே அப்படிச் சொன்னார். அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவரைப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. கலாசாரம் இல்லாமல் இல்லை. ஆனால் அது ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஒவ்வொரு பழக்கத்துக்கும் பின்னால் யாரோ எப்போதோ கொடுத்த விலை இருக்கிறது.

அடிமைக் காலத்தில் கறுப்பினத்தவரின் கல்யாணத்தையே சட்டம் ஏற்கவில்லை. விடுதலை வந்த உடனே, 1860-களின் பிற்பகுதியில், தெற்கு மாநிலங்களில் விடுதலை பெற்றவர்களுக்காக அரசு திறந்த அலுவலகங்களுக்கு மனைவிமார் நடந்து போய், கணவன் அடிக்கிறான் என்று புகார் கொடுத்திருக்கிறார்கள். அதாவது, வாயை மூடிக்கொண்டு இருப்பது இவர்கள் பரம்பரைக் குணம் இல்லை. 1871-ல் அலபாமா உச்ச நீதிமன்றம், மனைவியைக் குச்சியால் அடிக்கவும் முடியைப் பிடித்து இழுக்கவும் கணவனுக்கு இருந்த பழைய ‘உரிமை’ இனிச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. அந்த வழக்கில் கூண்டில் நின்ற ஃபல்கம் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவர். வெள்ளைக்காரக் கனவான்களும் வீட்டில் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் மனைவியை அடிப்பது குற்றம் என்று சட்டம் கண்டுபிடித்த பிறகு, அது கறுப்பினத்தவர் மீதும் புதிதாகக் குடியேறியவர்கள் மீதும்தான் அதிகம் பாய்ந்தது என்று சட்ட வரலாற்று அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். அடுத்த பல பத்தாண்டுகள் பொய்ப் பழி சுமத்திக் கறுப்பின ஆண்களை மரத்தில் தொங்கவிட்ட காலம். அந்த நாட்களில் ஒரு மனைவி கணவனைப் பற்றிப் புகார் சொன்னால், அந்தப் புகார் யார் கைக்குப் போகும், அவர்கள் அதை வைத்து என்ன செய்வார்கள் என்று யோசிக்காமல் இருந்திருப்பாளா?

நம் வீடுகளிலும் ‘வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது’ என்று சொல்லி வளர்க்கிறார்கள். அழுக்குத் துணியை ஊர் பார்க்க உலர்த்தாதே என்பது அவர்களுடைய சொல். இரண்டும் ஒன்றுதான் என்று முதலில் நினைத்தேன். இல்லை. நமக்குப் போவது குடும்ப மானம், சித்தப்பா பெண்ணின் வரன். அங்கே ஒருத்தி வாய் திறந்தால் ஓர் இனமே முரட்டுக் கூட்டம் என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்குச் சாட்சி கிடைத்துவிடும்.

இதை மிக நேர்மையாக எழுதியவர் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா. இனமும் பாலினமும் ஒரு பெண்ணின் மேல் குறுக்குச் சாலை போலச் சந்திக்கும் இடத்துக்கு 1989-ல் பெயர் வைத்தவர். 1991-ல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு சம்பவம் வருகிறது. லாஸ் ஏஞ்சலஸில் எந்தப் பகுதியில் எத்தனை குடும்ப வன்முறைக் கைதுகள் என்ற புள்ளிவிவரத்தைப் போலீஸிடம் கேட்டார். தரமாட்டோம் என்றார்கள். குடும்ப வன்முறைக்கு எதிராகப் போராடுபவர்கள் பயந்தார்களாம்: இது சிறுபான்மையினர் பிரச்சினை என்று ஒதுக்கிவிடுவார்களே என்று. சிறுபான்மையினர் பிரதிநிதிகளும் பயந்தார்களாம்: எங்கள் ஆண்கள் முரடர்கள் என்ற பேச்சு வலுக்குமே என்று. இரண்டு பயமும் நியாயமானவைதான். இரண்டு பக்கமும் அக்கறையோடு கையை வைத்து மூடியதில், உள்ளே இருந்த கறுப்பினப் பெண் யார் கண்ணிலும் படாமல் போனாள்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017-ல் வெளியிட்ட கணக்கு இது: 2003 முதல் 2014 வரை 18 மாநிலங்களில் கொலையான பெண்கள், கறுப்பினத்தில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 4.4 பேர், வெள்ளையரில் 1.5 பேர். காரணம் தெரியவந்த கொலைகளில் பாதிக்கும் மேற்பட்டவை, எல்லா இனத்தையும் சேர்த்து, கணவன் அல்லது காதலன் சம்பந்தப்பட்ட வன்முறையில் நடந்தவை.

சரி, கைது செய்தால் பெண் பிழைப்பாளா? நான் உறுதியாக நம்பியது அதைத்தான். இங்கேயும் மில்வாக்கி வருகிறது. 1987-88-ல் அங்கே 1,200 குடும்ப வன்முறைச் சம்பவங்களில், ஆளைக் கைது செய்வதா எச்சரித்து விடுவதா என்பதைப் போலீஸ்காரர் முடிவு செய்யவில்லை. குலுக்கல் போட்டு முடிவு செய்தார்கள். லாரன்ஸ் ஷெர்மன் என்ற குற்றவியல் அறிஞரின் ஆய்வு. வேலையில் இருந்த ஆண்கள் கைதுக்குப் பிறகு அடங்கினார்கள், வேலையில்லாதவர்கள் இன்னும் மூர்க்கமானார்கள் என்பது முதல் முடிவு. தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த ஊரில், வேலையில்லாதவர்கள் எந்த நிறத்தில் அதிகம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முடிவு வந்து அலசுவதற்குள்ளேயே 1989-ல் விஸ்கான்சினில் கட்டாயக் கைதுச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது.

23 வருடம் கழித்து ஷெர்மனும் இன்னொருவரும் அந்தப் பெண்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று தேடினார்கள். துணைவர் கைதான பெண்களிடையே இறப்பு, துணைவரை எச்சரித்து மட்டும் விட்ட பெண்களைவிட 64 சதவீதம் அதிகம். வெள்ளையரை மட்டும் எடுத்தால் 9 சதவீதம். கறுப்பினப் பெண்களிடம் 98 சதவீதம். கொலைகள் இல்லை, பெரும்பாலும் இதய நோய் போன்ற சாதாரணச் சாவுகள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த கறுப்பினப் பெண்களிடம் வித்தியாசம் இன்னும் கூர்மையாக இருந்தது. காரணத்தை அந்த ஆய்வால் நிரூபிக்க முடியவில்லை. ஒரே ஓர் ஆய்வை வைத்துக் கைதே கூடாது என்று சொல்லும் துணிச்சலும் எனக்கு இல்லை. ஊதா யூனிஃபார்ம் மட்டும் கண்ணுக்குள் வந்து நின்றது.

போலீஸ் மீது நம்பிக்கை என்ற விஷயத்தில் மில்வாக்கிக்குத் தனி வரலாறே உண்டு. 1991 மே மாதம், தெருவில் நிர்வாணமாக, தள்ளாடிக்கொண்டிருந்த 14 வயதுச் சிறுவனைக் கறுப்பினப் பெண்கள் இருவர் காப்பாற்ற முயன்றார்கள். வந்த அதிகாரிகள் அவர்கள் பேச்சைக் காதில் வாங்காமல் ஒரு வெள்ளைக்கார ஆள் சொன்னதை நம்பி, பையனை அவனிடமே ஒப்படைத்தார்கள். அந்த ஆள் ஜெஃப்ரி டாமர், தொடர் கொலைகாரன். அந்தப் பெண்களில் ஒருத்தியின் தாய் கிளெண்டா கிளீவ்லண்ட் திரும்பத் திரும்பப் போலீஸை அழைத்துப் பார்த்தார். அது குடும்ப வன்முறைக் கதை இல்லைதான். ஆனால் கறுப்பினப் பெண் கூப்பிட்டால் கேட்கமாட்டார்கள் என்பதை ஒரு தலைமுறையே அதில் கற்றுக்கொண்டது.

கேட்பார்களா என்பதோடு கண்ணுக்குத் தெரியுமா என்றும் ஒரு சிக்கல் உண்டு. அடிபட்ட கன்றல் கறுத்த தோலில் சட்டென்று தெரியாது. சாதாரண வெளிச்சத்தில் எடுத்த போட்டோவில் ஒன்றுமே விழாது. என் கையையே விளக்கடியில் நீட்டிப் பார்த்துக்கொண்டேன். என் நிறத்துக்கும் இதே கதைதான். ஊதா, நீல அலைநீள வெளிச்சத்தில், மஞ்சள் வடிகட்டி வைத்துப் பார்த்தால் எல்லா நிறத் தோலிலும் கன்றலை ஐந்து மடங்கு நன்றாகக் கண்டுபிடிக்கலாம் என்று கேதரின் ஸ்காஃபைட் என்ற செவிலியர் ஆய்வாளரின் குழு 2020-ல் காட்டியது. அதுவரை எத்தனை பேரிடம் ‘காயம் ஒன்றும் இல்லையே’ என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்!

காயம் தெரியாது; ‘கறுப்பினப் பெண் என்றால் இரும்பு’ என்ற பெயர் மட்டும் உண்டு. இந்தப் பெயரை வெளியே இருப்பவர்கள் மட்டும் ஒட்டவில்லை. தேவாலயம், அம்மா, பாட்டி எல்லோரும் பாராட்டாகவே ஒட்டுகிறார்கள். ஜெபம் பண்ணு, பொறுத்துக்கொள், அவனுக்கு வெளியே எத்தனை அவமானம், வீட்டிலாவது மரியாதை கொடு. கடைசி வரி எனக்குப் பழகிய குரலில் கேட்டது. 2007-ல் அட்லாண்டாவில் ஹோட்டல் கார் நிறுத்துமிடத்தில் புகழ்பெற்ற டிவி போதகர் ஹுவானிட்டா பைனமை, தானும் பிஷப்பான அவர் கணவர் அடித்தார். மறுவருடம் குற்றத்தை ஒப்புக்கொண்ட கணவருக்கு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு கிடைத்தது. பைனம் மறைக்காமல் வெளியே பேசினார். “அவரே அடிவாங்கினார் என்றதும்தான் எங்கள் சபையில் பெண்கள் அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொன்னோம்,” என்றார் அக்கா.

இரும்பு என்று நினைத்துவிட்டால், திருப்பித் தற்காத்துக்கொள்ளும்போது பயந்தவள் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஃபுளோரிடாவில் மரீசா அலெக்சாண்டர் 2010-ல் குழந்தை பெற்று ஒன்பதே நாளில், தான் ஏற்கெனவே நீதிமன்றத் தடை உத்தரவு வாங்கி வைத்திருந்த அதே கணவன் மிரட்டியபோது, சுவரைப் பார்த்து ஒரு குண்டு சுட்டார். யாருக்கும் கீறல்கூட இல்லை. ஜூரிகள் யோசித்தது 12 நிமிடம். தண்டனை 20 வருடம். மேல்முறையீட்டில் அது ரத்தாகி, சமரசத்துக்குப் பிறகு 2015-ல் வெளியே வந்தார், அதுவும் இரண்டு வருட வீட்டுக்காவலுக்கு. இப்படி அடிவாங்கி வாங்கிக் கடைசியில் சிறைக்குப் போன கறுப்பினப் பெண்களை நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் உட்கார்ந்து பேட்டியெடுத்தவர் ஆய்வாளர் பெத் ரிச்சி. 1996-ல் அவர் எழுதியதில் ஒன்று எனக்கு மறக்காது: அந்தப் பெண்களில் பலர் சின்ன வயதில் வீட்டுக்குச் செல்லப் பிள்ளைகள், கெட்டிக்காரிகள். எதையும் தாங்கி ஒட்டவைக்கத் தங்களால் முடியும் என்று நம்பி வளர்ந்தவர்கள். அந்த நம்பிக்கையே கண்ணி.

காப்பகத்துக்குத் திரும்பி வருகிறேன். அங்கே புதிதாக வருபவர்களுக்கு ஒரு பை கொடுப்போம்: பல்துலக்கி, சோப்பு, ஷாம்பூ, மெல்லிய பல் சீப்பு. கறுப்பினப் பெண்கள் அந்தச் சீப்பையும் ஷாம்பூவையும் தொடுவதில்லை. அந்த முடிக்கு அந்தச் சீப்பு இறங்காது. அந்த ஷாம்பூ தேங்காய் நாரைப் போலக் காய வைத்துவிடும். நல்ல மனதோடு யாரோ கொடுத்ததுதான், ஆனால் ‘உன்னை நினைத்து இதைக் கட்டவில்லை’ என்று முதல் இரவிலேயே அந்தப் பை சொல்லிவிடும். இதனால் மட்டும் யாரும் காப்பகத்தை விட்டுப் போய்விடுவார்களா என்று ஒருமுறை கேட்டேன். “இதனாலும்” என்றார் அக்கா. அவர் தன் மேசை இழுப்பறையில் தனியாக வைத்திருப்பார்: சாட்டின் தொப்பி, அகலப் பல் சீப்பு, ஷியா வெண்ணெய் டப்பா. தன் காசில் வாங்கியவை.

மனதைத் திறக்கும் இடமும் அவர்களுக்கு முடி திருத்தும் கடைதான். பின்னல் போட ஐந்தாறு மணி நேரம் ஒருவர் கைக்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருக்க வேண்டும். உச்சந்தலைக் காயத்தை அந்த விரல்களுக்கு மறைக்க முடியாது. பக்கத்து மாநிலமான இல்லினாயில் 2017 முதல் அழகுக்கலைத் தொழிலாளர்கள் குடும்ப வன்முறை பற்றி ஒரு மணி நேரப் பயிற்சி எடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. புகார் கொடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. கேட்கவும், எங்கே போகலாம் என்று சொல்லவும் தெரிந்தால் போதும்.

மூன்றாவது வருடம் அக்கா என்னை இரவுத் தொலைபேசியில் உட்கார வைத்தார். சொல்லிக் கொடுத்தது கொஞ்சம்தான். முதலில், இப்போது பேசலாமா என்று கேள். அப்புறம், இந்த நிமிடம் உயிருக்கு ஆபத்தா என்று கேள். அப்புறம் வாயை மூடு.

இரண்டு மணி சுமாருக்கு ஓர் அழைப்பு வந்தது. நான் கேட்பதற்கு முன்பே, “போலீஸ் வேண்டாம்” என்றது குரல்.

சரி என்றேன். அனுப்பமாட்டேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வந்தது. பிறகு, அங்கே குழந்தையைக் குளிப்பாட்ட, தலைமுடியைப் பிரித்துக் கழுவ இடம் இருக்குமா, அதற்கு இரண்டு மணி நேரம் ஆகுமே, யாரும் ஏதும் சொல்லமாட்டார்களா என்று கேட்டார். இருக்கிறது, சொல்லமாட்டார்கள் என்றேன். தூங்காத குழந்தை ஒன்று பின்னால் எங்கோ ஓடியது. கிளிக் கிளிக் என்று கேட்டது. நான் எழுந்து, போன் வயர் எட்டும் தூரம் வரை நடந்து, அக்காவின் இழுப்பறையைத் திறந்தேன்.